அம்மா காட்டிய ஆட்டுத்தலை

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா கடலூரில் அரசாங்க நர்ஸ். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த குடும்பங்களுக்கு, சிதம்பரம் போகும் சாலையோரம் கீற்றுக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய், மாதவிலக்கு, கர்ப்பம், பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி விடுவது பற்றியெல்லாம் பெண்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் என்னையும் கூட்டிப் போவாள்.

முதல் இரண்டு வாரமும் ஒருத்தரும் வரவில்லை. பிள்ளை பெறுவதைப் பற்றிப் பேச கவர்மெண்ட்டிலிருந்து ஆளா என்று ஆண்கள் முகம் சுளித்தார்கள். பெண்கள் தட்டியை இழுத்துச் சாத்திக்கொண்டார்கள். அம்மா துணியில் வரைந்த பெரிய படத்தைப் புளியமரத்தில் மாட்டிவிட்டு, வெயில் தாழும்வரை உட்கார்ந்திருப்பாள். நான் கொட்டகைப் பிள்ளைகளோடு பாண்டி ஆடுவேன்.

அது என்ன படம் என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். நடுவில் நீண்ட முகம், இரண்டு பக்கமும் வளைந்த கொம்பு. எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆட்டுத்தலை என்றேன். எங்க அம்மா ஆடு வளர்க்கச் சொல்லித் தருகிறாள் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் பஸ்ஸைவிட்டு இறங்கினால், மரத்தடியில் கூட்டம். வீட்டுக்கு ஒரு ஆடு கொடுக்கப் போகிறார்களாம். ஒருவர் கையில் கயிறுகூட வைத்திருந்தார். விசாரித்துக்கொண்டே வந்த அம்மாவின் பார்வை கடைசியில் என்மேல் வந்து நின்றது. நான் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன்.

அம்மா கோபப்படவில்லை. ஆடு எதுவும் வரப்போவதில்லை என்று பொறுமையாகச் சொன்னாள். ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். பெண்களும் எழுந்தபோது, படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இது ஆடு இல்ல. உங்க எல்லார் வயித்துலயும் இருக்கிற கர்ப்பப்பை. இவ்ளோ நாளா கூடவே வச்சிருக்கீங்க, எப்படி இருக்கும்னு பாத்துட்டுப் போங்களேன்" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். அது பரவியது. ஒவ்வொருத்தராக மறுபடி உட்கார்ந்தார்கள்.

அன்று நிறையக் கேள்விகள் வந்தன. எல்லோரும் போன பிறகும் ஒருத்தி மட்டும் நின்றாள். பர்மாக்காரி. தமிழரைக் கட்டிக்கொண்டு, தன் தாய்வீட்டை விட்டு அவரோடு வந்தவள். தமிழ் அரைகுறை. வந்த பிறகு இரண்டு முறை கரு கலைந்துவிட்டதாம். அவள் ஊர்ப் பழக்கத்தில் சாப்பிடும் ஙப்பி என்ற மீன் ஊறல்தான் காரணம் என்று மாமியார் சொல்லிவிட்டதால், அதை அவள் தொட்டே ஒரு வருஷமாகியிருந்தது. இதையெல்லாம் அவளுடைய நாத்தனார்தான் எடுத்துச் சொன்னாள். கேள்வியை மட்டும் அவளே கேட்டாள்.

"நான் தின்னதாலயா, நர்ஸம்மா?"

"இல்லம்மா. உன்மேல எந்தத் தப்பும் இல்ல."

அவளால் நம்ப முடியவில்லை போலிருக்கிறது. நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் பர்மிய மொழியில் திருப்பிச் சொன்னாள்.

அம்மா அதோடு விடவில்லை. அவர்கள் கொட்டகைக்கே போய், மாமியாரை உட்காரவைத்து அதையே மறுபடி சொன்னாள். மருமகளுக்கு ரத்தம் கம்மியாக இருப்பது போலத் தெரிகிறது, ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள், டாக்டர் பார்க்கட்டும் என்றாள். கிழவி எழுந்து போய், பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஒரு கிண்ணத்தில் ஙப்பி வாங்கி வந்து மருமகளின் முன்னால் வைத்தாள்.

"சாப்புடு" என்றாள்.

எங்களுக்கும் சோறு போட்டார்கள். அந்த வாடைக்கு நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அந்த அக்கா ஙப்பியைச் சோற்றில் பிசைந்து, ஒவ்வொரு கவளமாக, அவசரமே இல்லாமல் சாப்பிட்டாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டேயிருந்தது. ஆனால் முகம் சிரித்தபடி இருந்தது.

காரம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்து, தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.