பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஒரு சந்திரகாந்தக் கல்

என் ஓரகத்தியின் விரலில் ஒரு சந்திரகாந்தக் கல் மோதிரம் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இப்போது சொல்ல வெட்கமில்லை. அப்போது யாராவது கேட்டிருந்தால் சத்தியம் பண்ணி மறுத்திருப்பேன்.

அவள் என் கொழுந்தனின் மனைவி. தஞ்சாவூரில் வங்கி வேலை. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரே காம்பவுண்டில் அவர்கள் வீடும் எங்கள் வீடும். யாரையும் கேட்காமல், தன் சம்பளத்தில், வெள்ளியில் கட்டிய அந்த மோதிரத்தை வாங்கி வந்தாள். வெள்ளியில்! என் காதில் இருப்பதோ அம்மா வீட்டில் போட்ட ஏழு கல் வைரத்தோடு. அதனால் முதல் நாள் அலட்சியமாகத்தான் பார்த்தேன். அரிசி கழுவிய தண்ணீர் உறைந்தது போல வெளுத்துக் கிடந்தது. பட்டைகூடத் தீட்டவில்லை, வழவழவென்று உருண்ட முதுகு.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"கொஞ்சம் சாச்சுப் பாருங்கக்கா" என்று கையைத் திருப்பினாள்.

கல்லுக்குள் ஒரு நீலம் நகர்ந்தது. அவள் விரலை அசைக்க அசைக்க இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மெல்லப் போனது. கை நின்றதும் ஒளிந்துகொண்டது. வைரம் தெருவில் போகிறவனையும் கூப்பிட்டுக் காட்டும். இந்தக் கல் கிட்டே வந்து பார்க்கிறவருக்கு மட்டும் தன்னைக் காட்டியது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என் காதைப் பிடித்து யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒருநாள் அவள் எங்கள் வீட்டில் சப்பாத்தி மாவு பிசைவதற்காக மோதிரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்திருந்தாள். களத்திலிருந்து வந்த என் வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்தார். நெல்லைக் கடித்தே ஈரம் சொல்கிறவர் அவர். பதினெட்டு வருஷத்தில் என் தோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, உள்ளுக்குள்ள என்னமோ ஓடுதும்மா. ரொம்ப நல்லாருக்கு" என்றார். அன்றைக்குச் சாப்பாட்டில் அவருக்கு அப்பளம் கிடையாது.

அடுத்த மாதம் மயிலாடுதுறையில் ஒரு காதுகுத்து. எங்கள் பக்கம் விசேஷத்துக்கு முந்தின நாள் வைரத்தோட்டைப் பூந்திக்கொட்டை போட்ட வெந்நீரில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுப்போம். புதுசு மாதிரி ஆகிவிடும். "உன் மோதிரத்தையும் குடு, சேத்தே கழுவிடறேன்" என்று நானே கேட்டு வாங்கினேன். கழுவுவதற்கு முன்னால் என் விரலில் போட்டுப் பார்த்தேன். கணுவைத் தாண்டவில்லை. எரிச்சலோடு கழற்றி, கொதி அடங்காத தண்ணீரில் தோட்டோடு போட்டேன்.

டிக் என்று ஒரு சத்தம்.

கரண்டியால் எடுத்துப் பார்த்தேன். கல்லின் குறுக்கே விரிசல். சாய்த்தால் நீலம் பாதி வழி வந்து விரிசலில் நின்றுவிட்டது. இந்தக் கல் வைரம் மாதிரி கெட்டி கிடையாது, சூடு தாங்காது, ஈரத்துணியால் துடைத்தாலே போதும் என்று பிறகு கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது சத்தியம்.

அவள் வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். எனக்குக் கண்ணீர்கூட வந்தது. "வேற வாங்கித் தந்துடறேன்டி" என்றேன்.

"விடுங்கக்கா. தெரியாமத்தானே செஞ்சீங்க" என்று வாங்கி விரலில் மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காதுகுத்துக்கும் அதே மோதிரத்தோடுதான் வந்தாள். சாப்பிட்டு எழுந்து நாங்கள் இருவரும் கை கழுவும்போது பக்கத்தில் யாரும் இல்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?" என்றாள். "நேத்து ஒங்க வைரத்தோட்டை வாங்கிப் போட்டுப் பாக்கலாம்னு ஒங்க அடுப்படி வரைக்கும் வந்தேன். மோதிரத்தை வெளிச்சத்துல காட்டிப் பாத்துக்கிட்டு நின்னீங்க. விரிசல் தெரிஞ்சுது. அப்ப ஏங்க்கா சிரிச்சீங்க?"

"நான் எங்கடி சிரிச்சேன்?"

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சிரித்தேன்தான். குழாயைத் திறந்து, கழுவிய கையையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றேன்.