கம்பளி நூலில் ஓர் அப்பா

நான் தங்கியிருக்கும் ஊரில் போலீஸ் பூத்தின் கண்ணாடிக் கதவில் உருண்டைக் கன்னமுள்ள ஒரு பொம்மையின் படம் ஒட்டியிருக்கிறது. அது சல்யூட் அடித்துச் சிரிக்கிறது. வங்கிக்கு ஒரு பொம்மை, தீயணைப்பு வண்டிக்கு ஒன்று. தெருவைத் தோண்டிப் போட்டிருந்தால் அங்கேயும் ஒரு பொம்மை தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கும். நகோயாவுக்குப் பக்கத்தில் உள்ள இந்தச் சிற்றூருக்கு வந்த புதிதில், இத்தனை தொழிற்சாலைகளைக் கட்டியவர்கள் ஏன் இப்படிக் குழந்தைகளாகவே இருக்கிறார்கள் என்று ஏளனமாக நினைத்தேன். எங்கள் பக்கத்தில் தோண்டிய குழிக்காக மனிதர்களே மன்னிப்புக் கேட்பதில்லை. பிறகு நானும் ஒரு பொம்மை செய்தேன். அது என் வீட்டில் என் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதைப் படித்து ஊரில் இருப்பவர்கள் நன்றாகச் சிரிப்பார்கள். என்னைப்போல வெளியே கிடப்பவர்கள் கொஞ்சம் குறைவாகச் சிரிப்பார்கள்.

என் ஊர் காரோடு, கேரளத்தின் தென்கோடியில் தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது. தனுவச்சபுரத்தில் ஐ.டி.ஐ. படித்து, ஃபிட்டராக ஜப்பானுக்கு வந்தேன். வரும்போது என் மனைவி பிந்து கர்ப்பமாக இருந்தாள். மகள் ரெம்யா பிறந்ததும், தவழ்ந்ததும், நடந்ததும் எனக்குத் தொலைபேசி வழியாகத்தான் தெரியும். எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். பிந்து ஓடிவந்து மூச்சு வாங்கப் பேசுவாள். பிறகு ரிசீவரைப் பிள்ளையின் காதில் வைப்பாள். "அப்பாவாக்கும் மக்களே, பேசு" என்பாள். பிள்ளை பேசாது. அதன் மூச்சு மட்டும் கேட்கும். காசு கரையக் கரைய நானும் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் பரிமாறும் மோரி சான் என்ற பெண் ஓய்வு நேரத்தில் கொக்கி ஊசியால் உல்லன் நூலில் பொம்மை பின்னுவார். அமிகுருமி என்பார்கள். பின்னி, உள்ளே பஞ்சு அடைத்த சின்னப் பொம்மை. முயலும் கரடியுமாகச் செய்துகொண்டிருந்தவரிடம் மகளின் போட்டோவைக் காட்டி, எனக்கும் சொல்லித்தரும்படி கேட்டேன். முயலா, பூனையா என்று சைகையில் கேட்டார். நான் என் நெஞ்சைத் தொட்டு "ஒத்தோசான்" என்றேன். அப்பா. அவர் வாயைப் பொத்திச் சிரித்தார், பிறகு ஊசியை என் கையில் கொடுத்தார்.

இரும்பைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் ராவுகிற என் கைக்கு உல்லன் அடங்கவில்லை. தலை உச்சியில் தொடங்க வேண்டும். நூலை விரலில் வளையமாகச் சுற்றி, அந்த வளையத்துக்குள்ளேயே முதல் கண்ணிகளைப் போட்டு, நூலின் வாலைப் பிடித்து இழுத்தால் நடுத்துளை சுருங்கி மூடிக்கொள்ளும். எனக்கு மூடாமல் உச்சியில் ஓட்டையோடு ஒரு மண்டை வந்தது. அதற்குப் பிறகு சுருள்போலச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். சுற்று எங்கே தொடங்கியது என்று தெரிய ஒரு ஊக்கு மாட்டிவைக்க வேண்டும். நான் மாட்ட மறந்ததால் தலை ஒருபக்கம் வீங்கியது. இறுக்கிப் பின்னினால் ஊசி நுழையாது, தளர்த்தினால் சந்து வழியாகப் பஞ்சு எட்டிப் பார்க்கும். தலை கழுத்தாக ஒடுங்கக் கண்ணிகளைக் குறைக்கும் இடத்தில் இரண்டு கண்ணிகளின் முன்பக்க நூலை மட்டும் கோத்து ஒன்றாக்கினால்தான் வடு தெரியாது. கழுத்தில் பஞ்சை அழுத்தி அடைக்காவிட்டால் தலை தொங்கிவிடும்.

ஒருவழியாக முடித்து, கறுப்பு மணிகளைக் கண்ணாக வைத்து, அடர்ந்த மீசையும் தைத்து நீட்டினேன். மோரி சான் பார்த்துவிட்டு, "சொத்தோ கொவாய்" என்றார். சொத்தோ என்றால் கொஞ்சம் என்று எனக்குத் தெரியும். மற்றது என் காதில் ‘கவாயீ’, அதாவது அழகு, என்று விழுந்தது; கொஞ்சம் அழகாக இருக்கிறது என்கிறார் என்று எண்ணித் தலைகுனிந்து நன்றி சொன்னேன். பக்கத்து மெஷின்காரன் பிறகு பொருள் சொன்னான்: "கொஞ்சம் பயமாக இருக்கிறது."

மோரி சான் அந்தக் கண்களைப் பிரித்து, சற்றுக் கீழே இறக்கி, ஒன்றுக்கொன்று தள்ளி வைத்தார். அவ்வளவுதான். குழந்தை முகத்தின் ரகசியம் அதுதானாம். மீசை நூலைப் பிரித்துச் சீப்பால் வாரிவிட்டார், அது பூனைக்குட்டி ரோமம்போல நின்றது. நீலச் சீருடை போட்ட, கோபமே வராத ஒரு அப்பா பிறந்தான். அவனுக்கும் எனக்கும் மீசையைத் தவிர ஒற்றுமை கிடையாது. அவன் வெளிப்படையாகவே என்னைவிட நல்லவன். திருவனந்தபுரம் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த முறை கூப்பிட்டபோது பிந்து உற்சாகமாக இருந்தாள். "இப்பம் அப்பாகூடயாக்கும் உறக்கம். அப்பாக்குச் சோறு குடுக்காம அவ திங்கமாட்டா." எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேலையில் தூசிக்கு முகமூடி மாட்ட வேண்டும் என்று மேற்பார்வையாளர் அந்தச் சமயத்தில்தான் மீசையை எடுக்கச் சொன்னார். சந்தோஷத்தில் அதையும் மழித்தேன்.

விடுமுறை கிடைத்து வீட்டு முற்றத்தில் ஜீப்பிலிருந்து இறங்கினேன். பிள்ளைக்கு மூன்று வயதுக்குக் கிட்டே. பிந்து அவளை முன்னால் தள்ளி, "அப்பா வந்தாச்சு, பாரு" என்றாள். ரெம்யா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இடுப்பில் இடுக்கியிருந்த பொம்மையைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்பா இஞ்ச உண்டு. அப்பாக்கு மீச உண்டு. இது ஆரு?"

யாரும் பதில் சொல்வதற்குள் அவளே முடிவுசெய்தாள். உருவத்தில் பெரியவன் என்பதால் நான் வலிய அப்பா. எங்கள் பக்கத்தில் வலியப்பா என்றால் அப்பாவுக்கு அண்ணன். முற்றத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பிந்துவின் அண்ணன் சசி அளியன் சிரித்துச் சிரித்து இருமினார். நான் பின்னிய கதையும் அவருக்குத் தெரிந்துபோயிற்று. "ஜப்பானுக்குப் போயி நூலு கோக்கவா படிச்சீரு? உள்ள பேரையும் களஞ்சிட்டீரே மாப்பிளே!"

மீசை வளர்க்கத் தொடங்கினேன். ஒரு பொம்மையைப் பார்த்து அதைப்போல ஆக முயன்ற ஒரே காரோட்டுக்காரன் நானாகத்தான் இருப்பேன். மூன்று சக்கர சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். அதில் அப்பாவை உட்காரவைத்து, வலியப்பாவைத் தள்ளச் சொன்னாள். பாயில் அவளுக்கு அந்தப் பக்கம் பிந்து, இந்தப் பக்கம் அப்பா, சுவரோரமாக நான். பிந்து இருட்டில் சிரிப்பை அடக்குவது பாய் குலுங்குவதில் தெரியும். பகலில் ஒருநாள் மட்டும் அவள் சிரிக்காமல் சொன்னாள்: "அவளக் கொற சொல்லாண்டாம். அதையாவது அனுப்பிச்சீங்களே."

ஒரு மாலை மூவரும் பொழியூர் கடற்கரைக்குப் போனோம். அங்கே கடல் ஒவ்வொரு வருஷமும் கரையோர வீடுகளின் வாசலை நோக்கி நெருங்கிவந்துகொண்டிருக்கிறது. ரெம்யா கால் நனைக்க அப்பாவைத் தண்ணீரில் காட்டினாள். ஓர் அலை வந்து அப்பாவைக் கொண்டுபோயிற்று. அவள் அலறிய அலறலில் எனக்கு எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை. சட்டை, செருப்போடு இறங்கினேன். நீலச் சட்டை போட்டு நான் கண்ணெதிரே மல்லாந்து மிதந்து போகிறேன், நான் இடுப்பளவு தண்ணீரில் என்னைத் துரத்துகிறேன். அடுத்த அலை என்னைப் புரட்டிப் போட்டது. வாயெல்லாம் மணல்.

"எலே, ஆருலே அது? கேறி வாலே, இழுத்துட்டுப் போவும்!"

கரைக்கு வள்ளம் ஒதுக்கிக்கொண்டிருந்த ஒருவர் கத்தினார். துடுப்பை நீட்டிப் பொம்மையை அணைத்து எடுத்து, எனக்கும் கை கொடுத்தார். கையில் இருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். "ஒரு பாவைக்காக்கும் சாவப் போனீரு?"

"பாவ இல்ல. அப்பா," என்றாள் ரெம்யா அழுகையினூடே.

அவர் என்னைக் காட்டினார். "அப்பம் இது?"

"வலியப்பா."

அவர் பிந்துவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வள்ளத்துக்குத் திரும்பினார்.

அப்பா கொடிக்கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கினார். காய்ந்தபின் பார்த்தால் பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டிருந்தது, ஒரு கண்ணைக் காணோம், விலாவில் நூல் அறுந்திருந்தது. கொக்கி ஊசி என் பெட்டியில் இருந்தது. நூல் வாங்க நெய்யாற்றின்கரைக்குப் போனேன். கடைக்காரர் மலையாளத்தில், "சேச்சிக்கானோ?" என்று என் மனைவியை நினைத்துக் கேட்டார். "அல்ல, எனிக்கா", எனக்குத்தான் என்றேன். அவர் நூலை இரண்டு தடவை பொதிந்து கொடுத்தார். அதே நீலம் கிடைக்கவில்லை.

வராந்தாவில் உட்கார்ந்து பொம்மையின் முதுகைப் பிரித்தேன். ரெம்யா தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பஞ்சை வெளியே எடுத்தேன். "நோவுமா?" என்றாள். "இல்ல மக்களே, அப்பா உறங்கியாச்சு" என்றேன். அவள் நெருங்கி வந்தாள். வீட்டு இலவம்பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அவளே என் கையில் எடுத்துத் தந்தாள். கழுத்தில் அழுத்தி அடைத்தேன். அறுந்த இடத்தில் கண்ணிகளைப் பிடித்துப் புது நீலத்தில் பின்னத் தொடங்கியபோது அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு பிந்துவின் ரவிக்கைப் பித்தான். எங்கே வைக்க என்று கேட்டேன். பழைய இடத்தைத் துல்லியமாகத் தொட்டுக் காட்டினாள்.

கடைசியாக மீசையைச் சீப்பால் வாரினேன். அவள் அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு, கொஞ்சம் யோசித்து, என் மேலுதட்டில் கை வைத்தாள். அங்கே அப்போது ஓரளவு வளர்ந்திருந்தது.

"அம்மா!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "இந்த அப்பா பேசும்!"

பிந்து சமையலறை வாசலில் வந்து நின்றாள். சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிரவு சுவரோரத்திலிருந்து எனக்கு இடமாற்றம் கிடைத்தது.

அதன்பிறகு விடுமுறையில் மிச்சம் இருந்தது ஒரு வாரம்தான். மீசை சரியாக அமைந்த நேரத்தில் ஜீப் வந்து முற்றத்தில் நின்றது. ரெம்யா அழுவாள் என்று பயந்திருந்தேன். அழவில்லை. பெட்டிகள் ஏறுவதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீ போயிட்டு வா. அப்பா இஞ்ச நிக்கட்டு," என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிற குரல் அது.

"வாறேன் மக்களே" என்று ஏறி உட்கார்ந்தேன். ஜீப் பின்வாங்கித் திரும்பியபோது பார்த்தேன். அவள் பொம்மையை உயரத் தூக்கி, விலாவில் வேறு நீலம் ஒட்டிய அதன் வலதுகையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். காரோட்டில் நிற்கிற நான், போகிற எனக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தேன். மரியாதைக்கு நானும் கையைத் தூக்கி ஆட்டினேன்.