மஞ்சள் பட்ட கார்டுகள்

தகர டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டால் இன்னும் நான் எழுந்து ஓடுகிறேன். காபிப் பொடி டப்பாவாக இருந்தாலும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். கார்த்திகை தீபத்துக்கு மகள் வந்துபோன பிறகு பிடித்த வியாதி இது.

அவள் சென்னையில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கணக்கில் பட்டம் வாங்கியவள். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது அவள் வேலை. ஊரில் யாராவது கேட்டால் "கணக்குப் பிரிவு" என்று சொல்லி நழுவிவிடுவேன். உண்மையைச் சொன்னால், "அது வந்தா குமாஸ்தாவுக்கெல்லாம் வேலை போய்டுமாமே சார்?" என்று அடுத்த கேள்வி வரும். பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் எடுக்கும் எனக்கு அதற்குப் பதில் தெரியாது.

அப்போது அவள் வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. ஊர் ஊராக இருக்கும் வியாபாரிகள் பம்புக்கு உதிரி பாகம் கேட்டு எழுதினால், அது எந்தக் கிடங்கில் இருக்கிறது, எங்கிருந்து அனுப்புவது என்று பார்த்து அனுப்புச் சீட்டு அச்சடிக்கும் புரோகிராம் ஒன்றை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். அது ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் அவளே ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள்: "ஓடலைன்னா நானே மூட்டை கட்டிக்கினு வந்துடறேம்பா. நீங்க சொல்ற எடத்துல கழுத்த நீட்டறேன்."

இடம் தயாராகவே இருந்தது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்யும் குடும்பம். பையன் சர்க்கார் உத்தியோகம். பெண் வேலையை விட்டுவிட்டு வந்தால் தை மாதமே முடித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் மனைவிக்கு அந்த இடத்தில் ஆசை. அதை அவள் மறைக்கவும் இல்லை.

தீபத் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்த சனிக்கிழமை மகள் வந்து இறங்கினாள். கையில் பெரிய பிஸ்கட் டின். நான் பலகாரம் என்று நினைத்தேன். உள்ளே மெழுகுத்தாளில் சுற்றிய அட்டைகள், கட்டுக் கட்டாக, ரப்பர் போட்டு. ஒவ்வொரு அட்டையிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். அதுதான் புரோகிராம்; கம்ப்யூட்டர் மெஷின் அந்த ஓட்டைகளைத்தான் படிக்கும். கம்பெனிக்குச் சொந்தமாக மெஷின் இல்லை; இன்னொரு கம்பெனியின் மெஷினில் திங்கட்கிழமை காலை நேரம் வாங்கி வைத்திருந்தார்கள். ஆபீசில் வைத்தால் யாராவது கலைத்துவிடுவார்கள் என்று கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"எதுக்குடி இத்தனை கட்டு? எல்லாத்தையும் சேத்து ஒண்ணா கட்ட வேண்டியதுதானே?" என்றாள் என் மனைவி.

"எல்லாரும் அப்படித்தாம்மா செய்வாங்க. ஆரம்பிச்சா முடிவு வரைக்கும் ஒரே கயிறு. நடுவுல ஒரு சிக்கு விழுந்தா முழுசையும் பிரிக்கணும். நான் கோயில் மடப்பள்ளி மாதிரி செஞ்சிருக்கேன். ஒருத்தர் அரிசி களைஞ்சு குடுக்கறாரு, ஒருத்தர் அடுப்பு பாக்கறாரு, ஒருத்தர் தாளிக்கறாரு. அவரவர் வேலை அவரவருக்கு. ஒருத்தர் வரலைன்னா அந்த எடத்துல வேற ஆள நிறுத்தலாம், மத்தவங்கள தொட வேணாம்."

"உப்பு சரியா இருக்கானு யார் பாக்கறது?"

மகள் சிரித்துவிட்டாள். "எங்க ஆபீஸ் சாருக்குக் கூட இது கேக்கத் தோணலம்மா! ஒவ்வொரு கட்டையும் தனித்தனியா ஓட்டி, உப்பு பாத்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போவேன்."

"சாமி பாதத்துல வெச்சு எடுத்துனு வந்துடலாமா?"

"ஐயோ, வேணாம்மா. கூட்டம். தீர்த்தம் தெளிப்பாங்க. ஈரம் பட்டா போச்சு."

பேச்சு அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

ஞாயிறு காலை நானும் மகளும் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். மலை உச்சியில் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தெற்குப் பக்கம் கருமேகம் கட்டியிருந்தது. வீட்டில் டின் திறந்து கிடந்தது. கட்டுகள் பாயில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முதல் அட்டையிலும் மூலைக்கு மூலை மஞ்சள், நடுவில் குங்குமம். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதைப் போலக் குழைத்து, நிதானமாக வைத்திருந்தாள் என் மனைவி. முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

மகள் பாயில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒரு கட்டைக் கையில் எடுத்தாள், வைத்தாள். பிறகு கேட்டாள்:

"நீ வேணும்னேதானேம்மா பண்ண?"

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான் ஏதாவது சொல்லி அடக்கியிருப்பேன். என் மனைவி மஞ்சள் கையை முந்தானையில் துடைக்கவும் மறந்து நின்றாள். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை என்று முதலில் நினைத்தேன். புரிந்தது என்பது, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது தெரிந்தது.

"எல்லாத்துலயும் ஒரு மூலைய யாரோ வெட்டி இருந்தாங்க கண்ணு," என்றாள். "மூளியா அனுப்பக் கூடாதுனு அங்க மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சேன்."

எல்லா அட்டையிலும் ஒரு மூலை வெட்டித்தான் இருக்கும். தலைகீழாகவோ திருப்பியோ அடுக்கினால் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகச் செய்வது. அதை என் மனைவிக்கு யார் சொன்னார்கள்? அவள் கண்ணுக்கு அது குறை. குறையோடு மகளின் காரியம் வாசலைத் தாண்டக் கூடாது.

மகள் ரப்பரைக் கழற்றி அட்டைகளைப் பார்க்கத் தொடங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பாழாகிவிட்டதா, பாழாகிவிட்டதா என்று இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

"இருப்பா," என்றாள். கொஞ்சம் கழித்து, "மஞ்சள் பட்டதெல்லாம் முதல் கார்டுப்பா. அது வேலை செய்யற கார்டு இல்ல. மெஷின் அதப் படிச்சுட்டு ஒண்ணும் செய்யாது, தாண்டிப் போய்டும். அது இல்லாமலே ஓட்டலாம்."

"அப்புறம் எதுக்கு அது?"

"மனுஷங்க படிக்க. இந்தக் கட்டு என்ன செய்யுது, எத வாங்கிக்குது, எதக் குடுக்குதுனு எழுதியிருக்கேன்."

"எந்த மனுஷங்க?"

அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "எனக்கு அப்புறம் வர்றவங்க. முதல் நாளே சார் கேட்டாருப்பா. பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுத்து என்னம்மா பிரயோஜனம், நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போய்ட்டா நீ எழுதினத யார் வந்து பாக்கறதுனு. அதனாலதான் துண்டு துண்டா எழுதினேன். ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு கார்டு. யார் வந்தாலும் எடுத்துப் பாத்துக்கலாம்."

நான் வெற்று ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுமாதிரியாக எழுதுகிறாள், கெட்டிக்காரி என்று பெருமைப்பட்டிருந்தேன். ஒவ்வொரு கட்டையும் தான் அங்கே இல்லாமல் போகும் நாளை நினைத்து எழுதியிருக்கிறாள் என்பது தெரியாது. சுவரோரம் இருந்த என் மனைவியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரே ஒரு கட்டில் மட்டும் ஈரம் கீழே இறங்கி, வேலை செய்யும் அட்டைகள் சிலவும் ஊறி உப்பியிருந்தன. எந்தக் கிடங்கு என்று தீர்மானிக்கும் கட்டு அது. உப்பிய அட்டையை மெஷின் விழுங்காது; சிக்கிக்கொள்ளும். அட்டையின் மேல் விளிம்பில் அதிலுள்ளது எழுத்தாகவும் அச்சாகியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. நான் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அவள் தாளில் எழுதிக்கொண்டாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. புரியாததால் தப்பில்லாமல் படித்தேன்.

எப்போது எழுந்து போனாளோ, என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். கையில் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி.

"லேசா மேலாக்க ஒரு தேய்ப்பு தேச்சுக் குடுக்கட்டுமா?"

"வேணாம்!" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் அலறினோம். பிறகு மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. என் மனைவி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்க இடம் தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மத்தியான பஸ்ஸில் நானும் கூடப் போனேன். திண்டிவனம் தாண்டும்வரை மழை. டின்னை வேட்டிக்கு மேல் மடியில் வைத்து, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர், "பிரசாதமா சாமி?" என்றார். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை, அட்டையில் ஓட்டை போடும் பிரிவிலிருந்த அவள் தோழி சீக்கிரமே வந்து, கெட்டுப்போனவற்றை எல்லாம் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். மகள் மெஷின் இருந்த கட்டடத்துக்குள் போனாள். நான் எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தக் கட்டடத்துக் காவல்காரர் என்னைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "யாராவது ஆஸ்பத்திரில இருக்காங்களா பெரியவரே?" என்று கேட்டார்.

வெயில் ஏறிய பிறகு அவள் வெளியே வந்தாள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"நடுவுல நின்னுடுச்சுப்பா."

பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். "மஞ்சளா?"

"மஞ்சள் இல்ல. என் தப்பு. கிடங்குல ஒரு சாமான் சுத்தமா தீந்துபோய் இருந்தா என்ன செய்யணும்னு எழுதாம விட்டுட்டேன். அந்த ஒரு கட்ட மட்டும் பிரிச்சு, ரெண்டு கார்டு சேத்தேன். மத்தத தொடவே இல்ல. ஓடிடுச்சு."

"உங்க சார் என்ன சொன்னாரு?"

"முதல் கார்டு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா படிச்சாரு. எல்லாரும் இப்படி எழுத ஆரம்பிச்சா கார்டு செலவு ஜாஸ்தியாய்டும்னாரு." டின்னைப் பெஞ்சில் வைத்தாள். "அப்புறம் கையெழுத்துப் போட்டுட்டாரு. வேலை நிரந்தரம்."

ஊருக்கு வந்து சொன்னேன். என் மனைவி மஞ்சள் பட்ட அந்த அட்டைகளை என்ன செய்தார்கள் என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

அடுத்த வாரம் கீழ்பென்னாத்தூர்த் தரகர் வந்தார். நான் சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள் வாசலில் என் மனைவியின் குரல் கேட்டது. "பொண்ணு வேலைய விடறதா இல்லீங்க. அவங்களுக்கு அது தோதுப்படலைன்னா வேற எடம் பாத்துக்கச் சொல்லுங்க." நல்ல இடம், கை நழுவிப் போய்விட்டது. நான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள்.

பொங்கலுக்கு மகள் வந்தாள். கையில் அதே டின், வேறு புரோகிராம். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவளும் அவள் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. கிளம்பும் நாள் காலையில், மூடி திறக்கும் சத்தம் கேட்டு நான் ஓடிவந்தேன். மகள் மெழுகுத்தாளைச் சரிபார்த்து, மூடியை அழுத்தி மூடி, டின்னை அம்மாவின் முன்னால் நீட்டினாள்.

"தகரத்து மேல வெச்சுக்கோம்மா."

என் மனைவி கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு மஞ்சள் கிண்ணத்தை எடுத்து வந்தாள். டின்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது வட்டமா இருக்கேடி. மூலைக்கு எங்க போறது?"