ஆலங்கட்டிக்காகக் காத்திருந்தவர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கோடை மழை சமயத்தில் வட்டக்கானலில் நடந்தது இது. நானும் கணவரும் அங்கே அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறோம். அந்த சீசனில் மதுரைக்கார ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வந்து தங்கினார். ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. ஆலங்கட்டி மழைக்காகக் காத்திருந்தார்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஒருநாள் டீ குடிக்கும்போது விளக்கினார். தரை, மேகம் எல்லாவற்றிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத மைக்ரோவேவ் அலை லேசாகக் கிளம்பிக்கொண்டே இருக்குமாம். செயற்கைக்கோள் அதை மேலேயிருந்து அளக்கும். மேகத்துக்குள் பனிக்கட்டி இருந்தால் கீழேயிருந்து வரும் அலை சிதறிவிடும். படத்தில் அந்த இடம் குளிர்ந்ததாகத் தெரியும்.

"ஆனா அது கட்டியாவே தரையில விழுந்துச்சா, உருகி மழையாயிடுச்சான்னு மேல இருந்து சரியா சொல்ல முடியலைக்கா. கீழ ஒரு ஆள் கண்ணால பாக்கணும். அதுவும் செயற்கைக்கோள் இந்தப் பக்கம் போற நேரமா இருக்கணும்" என்றார்.

வாரங்கள் போயின. மழை பெய்தது, கட்டி விழவில்லை. அவர் ஊருக்குக் கிளம்பும் நாளும் நெருங்கிவிட்டது.

அப்போது ஒருநாள் மதியம் வானம் கருத்தது. ஸ்கேலும் கேமராவுமாக வாசலில் நின்றார். "இன்னும் கொஞ்ச நேரத்துல செயற்கைக்கோள் வந்துரும்க்கா" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. அந்த நேரம் பார்த்து, கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துப் படியிறங்கிய என் கணவர் வழுக்கி விழுந்தார். சிலிண்டர் கால்மேல் விழுந்து எலும்பு உடைந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. எங்கள் ஜீப்போ கொடைக்கானலில் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது.

மாணவர் கேமராவை வாசலிலேயே வைத்துவிட்டு தன் கார்ச் சாவியோடு ஓடிவந்தார்.

"தம்பி, உங்க சோலி..." என்றேன்.

அவர் காதில் விழவே இல்லை. "வெரசா தூக்குங்க" என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச தூரம் மலையேறியதும் சரளைக்கல்லை வாரி இறைத்தமாதிரி ஆலங்கட்டி கொட்டியது. ரோடே தெரியவில்லை. காரை ஓரம் கட்டிவிட்டு, பின்பக்கம் வந்து, கணவரின் காலில் கட்டியிருந்த துண்டை இறுக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதுக்குத்தானே தம்பி காத்திருந்தீங்க?"

"ஆமாக்கா. இப்பத்தான் மேல போகுது." கை துண்டைவிட்டு அசையவில்லை.

வலியில் முனகிக்கொண்டிருந்த என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "போட்டோ எடுய்யா! நான் என்ன செத்தா போயிட்டேன்?"

கதவைத் திறந்து ஒரு கை அள்ளினேன். துண்டைப் பிடித்த கையை எடுக்காமலே, அளவு தெரிய பேனாவை என் உள்ளங்கையில் கட்டிகளின் பக்கத்தில் வைத்து, செல்போனில் படமெடுத்தார்.

"வீட்டுல பாத்தாத்தானே கணக்கு?" என்றேன்.

"மேல இருந்து பாத்தா உங்க வீடும் இந்த ரோடும் ஒரே புள்ளிக்குள்ளதான் வரும்க்கா" என்றார்.

கட்டி நின்றதும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். கணவர் இன்று லேசாக விந்தினாலும் நன்றாகவே நடக்கிறார். சில மாதங்கள் கழித்து அந்த மாணவர், எங்கள் மலைமேல் குளிர்ச்சியைக் காட்டும் நீலத் திட்டு விழுந்த செயற்கைக்கோள் படத்தையும், ஆய்வேட்டில் சேர்த்திருந்த என் கையின் படத்தையும் அனுப்பியிருந்தார்.

கேட்பவர்கள், அவருக்கு அதிர்ஷ்டம் என்கிறார்கள். ஆனால் அவர் சாவியை எடுத்தபோது வழியில் ஆலங்கட்டி விழும் என்று அவருக்குத் தெரியாது. அத்தனை வாரக் காத்திருப்பையும் அப்படியே விட்டுவிட்டுத்தான் வந்தார் என்பது, ஏதாவது வேலையாக இருக்கும்போது யாராவது அவசரமென்று கூப்பிட்டால் எனக்கு இன்றும் நினைவுக்கு வரும்; உடனே எழுந்துவிடுவேன்.