ஆம்பளை ஹார்மோனும் அம்பத்தூர் கிளினிக்கும்

ஹார்மோன் டாக்டரிடம் நர்ஸாக இருப்பதென்றால் பாதி வேலை ஊசி போடுவது, மீதி வேலை எதுவுமே காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது. நீங்களும் ஏதாவது கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஜனங்களைச் சமாளிக்கிறவராக இருந்தால் வாங்க, நாமெல்லாம் ஒரே கட்சி.

சர்க்கரை வரிசை

எங்கள் அம்பத்தூர் கிளினிக்கில் சர்க்கரை, தைராய்டு, ஆம்பளை ஹார்மோன் எல்லாவற்றுக்கும் ஒரே டாக்டர்தான். கூச்சப்படுகிற ஆண்களுக்கு இது ரொம்ப வசதி. சத்தமில்லாமல் சர்க்கரைக்காரர்களோடு போய் உட்கார்ந்துகொள்வார்கள். முரளியும் அப்படித்தான் வந்தார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வெல்டர், திருநின்றவூரில் வீடு, தினம் ஜிம்முக்குப் போய் உடம்பைக் கும்மென்று வைத்திருந்தார். விரலைக் கேட்டேன், கம்மென்று நீட்டினார். குத்திப் பார்த்தால் சர்க்கரை அளவு அருமையாக இருக்கிறது. அப்புறம் எதுக்கய்யா வந்தீங்க என்று கேட்டதும் மெல்லக் குனிந்து விஷயத்தைச் சொன்னார்.

ஜிம் சிநேகிதன் ஒருவன் கொடுக்கிற டெஸ்டோஸ்டிரோன் ஊசியை மாதக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறாராம். இப்போது சரியாகக் கிடைப்பதில்லை, டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் தேவலையாம். கல்யாணமாகி இன்னும் குழந்தையில்லை. அம்மா மருமகளைக் கரித்துக்கொட்டுகிறார், மனைவி கோமதி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குகிறாள், நாமாவது தெம்பாக இருப்போமே என்று இவருக்கு யோசனை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த விரலை இன்னொரு தரம் குத்தியிருப்பேன். வந்ததுமே சொல்வதற்கென்ன என்று கேட்டேன். "சுகர் வரிசைல குந்திகினா ஒர்த்தனும் இன்னான்னு கேக்க மாட்டான் சிஸ்டர்" என்றார்.

தூங்காத ரத்தம்

இந்த ஹார்மோன் டெஸ்டுக்குக் காலையில், நன்றாகத் தூங்கி எழுந்து ரத்தம் கொடுக்க வேண்டும். வேலப்பன்சாவடிப் பக்கம் ஃப்ளாட்டில் இருக்கும் ஐ.டி. தம்பி ஒருவர், நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு வந்து கையை நீட்டினார். அளவு குறைவாக வந்தது. சோர்வு, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லை, உடனே ஊசியை ஆரம்பியுங்கள் என்று டாக்டருக்கே உத்தரவு போட்டார். எல்லாம் வீடியோ பார்த்த படிப்பு.

டாக்டர் மசியவில்லை. ஒரு டெஸ்டை வைத்து முடிவெடுக்க முடியாது, லீவு போட்டு சொந்த ஊர் திருநெல்வேலிக்குப் போய், அம்மா சமையலைச் சாப்பிட்டு ராத்திரியில் தூங்கிவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். திரும்பி வந்தபோது முகமும் தெளிந்திருந்தது, அளவும் சரியாக இருந்தது. தம்பிக்குத்தான் ஒரே ஏமாற்றம். "அப்போ எனக்கு மருந்து தூக்கம்தானா சிஸ்டர்? அதை எங்க மேனேஜருக்கு ஒரு சீட்டுல எழுதித் தருவீங்களா?"

சட்டை போடாத மனுஷர்

அதற்காக இந்த மருந்தே பொல்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவருக்கு மூளைக்கடியில் இருக்கும் சுரப்பியில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. அதன்பிறகு இந்த ஹார்மோன் சுரக்கவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்த மனுஷர், ஹார்மோன் ஜெல் தடவ ஆரம்பித்த சில மாதத்தில் எழுந்து வண்டியை எடுத்தார். சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரத்தம் ரொம்பக் கெட்டியாகிறதா, ப்ராஸ்டேட் எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது பார்க்கணும், அதற்கும் ஒழுங்காக வந்துவிடுவார்.

வம்பு வேறு இடத்தில் இருந்தது. ஜெல்லைத் தோளில் தடவினால் காய்ந்ததும் சட்டையால் மூடணும். குழந்தை மேல் பட்டால் அதன் உடம்பிலும் ஏறிவிடும். இவரோ வெயிலுக்கு வெறும் லுங்கியோடு அலைகிறவர், சின்னப் பெண் தூங்குவதே அந்தத் தோளில்தான். விஷயம் தெரிந்ததும் டாக்டர் கத்து கத்தென்று கத்தி, ஊசிக்கு மாற்றிவிட்டார். அவர் மனைவி என்னிடம் வந்து, "ஜெல்லால புருசன் திரும்பி வந்துட்டாரு சிஸ்டர். சட்டை போட வைக்க எதுனா மருந்து கீதா?" என்றார்.

முரளியின் ரிசல்ட்

முரளி கேட்ட சீட்டு கிடைக்கவில்லை, விந்து டெஸ்ட்தான் கிடைத்தது. அதில் உயிரணு ஒன்றுகூட இல்லை. வெளியிலிருந்து ஊசியாக ஏற்றினால், நமக்கென்ன வேலை என்று உடம்பு தன் சொந்த உற்பத்தியை மூடிவிடும், உயிரணுவும் அதோடு நின்றுவிடும் என்று டாக்டர் விளக்கினார். ஊசியை விட்டால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், உறுதியாகச் சொல்லவும் முடியாது. தெம்புக்கென்று போட்டது அப்பா ஆகிற வழியையே அடைத்துவிட்டது. மனைவியிடம் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். முரளி வெளியே வந்து என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "ஊட்டாண்ட சொல்லிடாதீங்க சிஸ்டர். அவ பாட்டுக்கு டெஸ்ட் எடுத்துகினு போட்டும், அவளுக்குப் பழகிப்போச்சு."

ஹாலில் நடந்தது

நோயாளி விஷயத்தை நான் வெளியே சொல்லக் கூடாது. வாயைக் கட்டிக்கொண்டு வயிறெரிந்தேன். ஊசியை நிறுத்தியபின் சொந்தச் சுரப்பு இன்னும் விழிக்காததால், அடுத்த தடவை முரளி வாடிப்போய் வந்தார். பிள்ளைக்கு என்னமோ ஏதோ என்று அம்மாவும் கோமதியும் கூடவே வந்திருந்தார்கள். ரத்தம் எடுத்து ஹாலில் உட்கார வைத்தேன். அம்மா பக்கத்துச் சர்க்கரைக்காரம்மாவிடம் ஆரம்பித்துவிட்டார். மருமகள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லையாம், அந்தக் கவலையில்தான் பிள்ளை இளைக்கிறானாம், அடுத்த வாரம் அவளை இன்னொரு பெரிய டாக்டரிடம் காட்டப்போகிறார்களாம். கோமதி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முரளி எழுந்து நின்றார். "எம்மா, கொறை அவகிட்ட இல்ல. நான் போட்டுகினு இருந்த ஊசியாலதான். அவளுக்கு இனிமே ஒரு டெஸ்டும் வாணாம்" என்றார். கோமதி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "இத்தினி நாளா என்னைத்தான் குத்துனாங்க. இனிமே நீ உள்ள போ, நான் வெளிய குந்திகினு பாக்கறேன்" என்றாள்.

முரளி வாயைத் திறந்த அன்றைக்கு எடுத்த ரத்தத்தில்தானுங்க, அவருடைய ஆம்பளை ஹார்மோன் இதுவரை பார்த்ததிலேயே குறைவாக இருந்தது.