பலகையின் ஸ்பீக்கரைப் பிடுங்கிய காலை

மேகமலை எஸ்டேட் மருந்தகத்தில் என் பேச்சுப் பலகையை வைத்த முதல் நாளே மழை. வெளியே நிற்க வழியில்லாமல் நோயாளிகள் எல்லோரும் அந்த ஒற்றை அறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

தேனியில் மின்னணுப் பலகைகள் செய்வது என் தொழில். இது புது மாதிரி. ஜார்க்கண்டிலிருந்து தேயிலை பறிக்க வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. நர்ஸ் பாண்டியம்மாளுக்கு இந்தி தெரியாது. பலகை முழுக்கப் படம் போட்ட பட்டன்கள். ஒன்றை அமுக்கினால் விளக்கு எரியும். ஸ்பீக்கர் இரண்டு மொழியிலும் பேசும். அறை முழுக்கக் கேட்க வேண்டும் என்று பெரிய ஸ்பீக்கராகவே போட்டிருந்தேன்.

காய்ச்சல், இருமல், அட்டைக்கடி என்று சிலர் அமுக்கினார்கள். பலகை பிசகாமல் பேசியது.

"பொட்டி நல்லாத்தான் கத்துது சார். இனி எனக்கு இங்கன என்ன வேலை?" என்று பாண்டியம்மாள் சிரித்தார்.

அடுத்து வந்தவள் சின்ன வயதுக் கர்ப்பிணி. முகம் வெளுத்திருந்தது. கணவனின் அண்ணன் கூட வந்து, பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்காக அவள் முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டாள். அவர் எதிரில் வாய் திறப்பது அவர்கள் ஊர் வழக்கமில்லை. அவள் விரல் கீழ் வரிசைக்குப் போனது. நின்றது. மேலே ஏறித் தலைவலியை அமுக்கியது. ஸ்பீக்கர் உரக்கச் சொன்னது. பாண்டியம்மாள் மாத்திரையை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார்.

கீழ் வரிசைப் படங்கள் கர்ப்பிணிகளுக்கானவை.

"சிஸ்டர், அந்தப் புள்ள வேறெதையோ அமுக்கப் போச்சு."

"தலைவலின்னு ஒங்க பொட்டிதான சார் சொல்லுச்சு? பெறகு நான் யார நம்ப?"

பலகையின் பின்னால் கைவிட்டு ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன். பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தெரியாதபடி பலகையைத் திருப்பி வைத்து, இருமல் பட்டனை அவளுக்கு அமுக்கிக் காட்டினேன். விளக்கு மட்டும் எரிந்தது. பிறகு நானும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் அமுக்காமலே எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தேன்.

"ஆத்தாடி!" என்ற பாண்டியம்மாள் உடனே குரலைத் தாழ்த்தினார். "சார், எஸ்டேட்டு ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க. சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குப் போகணும். என்னான்னு மட்டும் கேக்காதீக."

கேட்க வேண்டியிருக்கவில்லை. திரும்பியபோது இரத்தப்போக்குப் படத்தில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. யார் கண்ணிலும் படுமுன் அணைத்தேன். அவளும் பாண்டியம்மாளும் ஏறியபின், அண்ணன் தலைவலி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார். அந்தக் கரடுமுரடான பாதையை நினைத்தபடி பொழுது சாயும்வரை செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு உசுரும் நல்லாருக்கு சார்," என்றார் பாண்டியம்மாள் போனில். "சத்தத்த மட்டும் திரும்ப மாட்டிறாதீக."

மாட்டவில்லை. இப்போது என்னிடம் வேலைக்குச் சேர்கிறவர்கள், பலகை எந்தெந்த மொழி பேச வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதை அமுக்குகிறவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.