சர் ரண்டல் தோற்ற தேர்தல்

சர் ரண்டல் டெவனிஷுக்குப் பட்டமும் நிலமும் அப்பாவிடமிருந்து வந்தன. குதிரைப் பைத்தியமும் ஓயாத வாயும் சொந்தச் சம்பாத்தியம். ராஸ்காமன் பக்கத்தில் அவர் கால் படாத சேற்றுநிலம் கிடையாது. கல்யாணம், சாவு, வேலித் தகராறு எதுவானாலும் அழைக்காமலே போய் நிற்பார். குடியானவன் அடுப்பருகே உட்கார்ந்து அவர் உருளைக்கிழங்கும் மோரும் சாப்பிடுவதைப் பார்த்து மற்ற நிலக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் வீட்டு விருந்தில் ஒருநாளாவது யாராவது வாய்விட்டுச் சிரித்ததுண்டா?

அவருடைய ஒரே கெட்ட பழக்கம் பாராளுமன்றம். மூன்று தடவை ஜெயித்து, வருஷத்தில் பாதியை லண்டனில் கழித்தார். ஊரில் ஓயாத அந்த வாய் அங்கே திறந்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனாலும் மனசுக்குள் ஓர் உறுத்தல். அந்தக் காலத்தில் ஓட்டுப் போடுகிறவன் மேடையேறி, ஊரே கேட்கப் பெயரைச் சொல்ல வேண்டும். தன் நிலச் சொந்தக்காரரின் பெயரைத் தவிர வேறு பெயர் எந்தக் குடியானவன் வாயில் வரும்? ஜனங்கள் தனக்குப் போட்டார்களா, பயத்துக்குப் போட்டார்களா என்பது அவருக்குத் தெரியவே இல்லை.

நாலாவது தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து வந்தவர்களை மாதாகோயில் வாசலில் நிறுத்தினார். "இந்தத் தடவ யார் பேர வேணும்னாலும் சொல்லுங்க. ஒருத்தன் நிலத்துலயும் கை வைக்கமாட்டேன். இது சத்தியம்."

விஷயம் மனைவி ஹொனோரியாவின் காதுக்கு எட்டியது. "புத்தி கித்தி பிசகிடுச்சா உங்களுக்கு?"

"என்மேல பிரியம் இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்."

"இந்த வயசுலயா?"

தேர்தலன்று முதலில் மேடையேறியவன், அவரோடு குதிரைச் சந்தையெல்லாம் சுற்றிய குடியானவன் மலாக்கி டியர்னன். தொப்பியைக் கழற்றினான். எதிர்த்து நின்ற கப்பேஜின் பெயரைச் சொன்னான். பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். சர் ரண்டலுக்கு முகம் செத்துப்போயிற்று. சாயங்காலம் முடிவு வந்தது: தோல்வி.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். "மலாக்கி, உனக்கு நான் என்னடா கெடுதல் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல தொரை. நீங்க லண்டனுக்குக் கிளம்புனா இங்க குத்தகை வசூலிக்கிற உங்க ஏஜெண்டு ராஜ்யம். போன தடவ நீங்க திரும்பி வர்றதுக்குள்ள என் தம்பி வீட்டுக் கூரையப் பிரிச்சு, அவனத் தெருவுல நிறுத்திட்டான். நீங்க ஊர்ல இருந்தா அதுக்குத் துணிவானா? ஓட்டும் போட்டு உங்கள அனுப்பியும் வைக்க நாங்க என்ன கிறுக்கனுங்களா?"

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"உங்க பேரத் தவிர வேற எதச் சொல்ல விட்டீங்க?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அங்கேயே ஏஜெண்டைக் கூப்பிட்டுச் சாவிகளை வாங்கிக்கொண்டு, "நீ வேற இடம் பாத்துக்க" என்றார். மலாக்கியின் தம்பியைத் தேடிப்பிடித்துக் கையைப் பற்றி, கூரையைத் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார்.

ஜெயித்தவரைத் தூக்கி ஊர்வலம் போக ஒரு நாற்காலி ஜோடித்து வைத்திருந்தது. ஜனங்கள் அதில் சர் ரண்டலை உட்காரவைத்துத் தோளில் ஏற்றினார்கள். ஜெயித்த கப்பேஜ் பின்னால் சேற்றில் நடந்து வந்தார்.

"டேய், தோத்தவன்டா நான். இறக்கி விடுங்கடா."

"கெட்டியாப் புடிச்சுக்குங்க தொரை," என்றான் கீழேயிருந்து மலாக்கி. "இறக்குற உத்தேசம் எங்களுக்கு இல்ல."